மேற்கோளுக்கு இடம் சொல்லும் மரபு: மதுரைத் தமிழ்ச் சங்கம் முதல் மென்பொருள் வரை

பழைய உரையாசிரியர்கள் பெரும்பாலும் நூற்பெயர் சொல்லாமலே மேற்கோள் காட்டினர். மனப்பாடமே நூலகமாக இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலுக்கு உரியவை என்று தேடித்தேடியே சங்க நூல்களை அடைந்தார். மேற்கோளுக்கு இடம் காட்டும் கடமை அச்சுக் காலத்தில்தான் அழுத்தம் பெற்றது.

அந்தக் கடமை கூட்டுப்பணியாக வளர்ந்த ஊர்களில் மதுரை முக்கியமானது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய தமிழ்ச் சங்கம் 'செந்தமிழ்' இதழை நடத்தியது; ஆ. சிங்காரவேலு முதலியாரின் கலைக்களஞ்சியமான 'அபிதான சிந்தாமணி'யை 1910இல் வெளியிட்டது. அடுத்து வந்தது தமிழ்ப் பேரகராதி. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1913இல் அந்தப் பணி மதுரையில்தான் தொடங்கியது. பின்னர் சென்னைக்கு மாறியது. 'செந்தமிழ்' ஆசிரியராக இருந்த மு. இராகவையங்கார் அதன் தலைமைப் பண்டிதரானார்.

பேரகராதியின் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அதன் ஒழுங்கு தெரியும். பொருளுக்குப் பின் மேற்கோள், அதன்பின் அடைப்புக்குள் 'சிலப்.', 'புறநா.' என்ற சுருக்கப் பெயர், பிறகு பாட்டு எண் அல்லது காதையும் அடியும். பதிப்பின் பக்க எண்ணை நம்பாமல் நூலின் உள்ளமைப்பையே முகவரியாகக் கொண்டதால், அந்தப் பதிப்புகள் மறைந்த பிறகும் இடம் தவறுவதில்லை. இதைவிட உறுதியான மேற்கோள் முறையை நான் அறியேன்.

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியது, தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் அதன் முதல் துணைவேந்தர். ஆய்வேடுகள் பெருகின, குறிப்பட்டை, அடிக்குறிப்பு, துணைநூற்பட்டியல் என்ற பயிற்சியும் பரவியது. உரைநடை நூலுக்குப் பக்க எண்ணும் பதிப்பாண்டும் இன்றியமையாதவை என்பதால் அந்த மாற்றம் சரியானதே. ஆனால் முந்தைய குறிப்பின் நூலையே சுட்டும் 'மேலது' என்ற அடிக்குறிப்பு பொல்லாதது. திருத்தும்போது ஒரு பத்தியை இடம் மாற்றினால் 'மேலது' வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணிலும் படாது.

மேற்கோள்களை நிர்வகிக்கும் மென்பொருள் முதலில் தீர்ப்பது இந்தச் சிக்கலைத்தான். எண்ட்நோட் 1980களில் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையம் 2006இல் ஜோட்டேரோவை இலவசமாக வெளியிட்டது. நூல் விவரத்தை ஒருமுறை பதிந்துவிட்டால், பத்தி எங்கே நகர்ந்தாலும் அடிக்குறிப்பும் கூடவே நகரும். துணைநூற்பட்டியல் தானே உருவாகும்.

ஆனால் வேறொரு சிக்கல் பெயரில் இருக்கிறது. குடும்பப் பெயர் கடைசியில் நிற்கும் என்ற மேலைநாட்டு வழக்கத்தை ஒட்டி அமைந்தவை இந்த மென்பொருள்கள். கவனிக்காமல் விட்டால் பாண்டித்துரைத் தேவர் 'தேவர், பாண்டித்துரை' ஆகிவிடுவார். பேரகராதியின் பிற்காலப் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை மற்ற எல்லாப் பிள்ளைமாரோடும் ஒரே வரிசையில் போய் நிற்பார். அறிஞரின் பெயர் பின்னுக்குப் போய், சாதிப் பட்டம் தலைப்பாக முன்னே வந்துவிடுகிறது. தலைப்பெழுத்து போனாலும் ஆபத்துதான். 'செந்தமிழ்' இதழுக்கு இரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார் என்று இருவர் ஆசிரியராக இருந்திருக்கிறார்கள். அந்த ஒற்றை எழுத்து விடுபட்டால் இருவர் உழைப்பும் ஒருவர் கணக்கில் சேர்ந்துவிடும்.

இதற்கு வழி மென்பொருளிலேயே உண்டு. முழுப் பெயரையும் பிரிக்காமல் ஒரே கட்டத்தில் இடலாம். அல்லது தலைப்பெழுத்தை ஒரு கட்டத்திலும் பட்டத்தோடு கூடிய பெயரை மற்றொன்றிலும் இடலாம். பாட்டு எண்ணையும் அடியையும் மேற்கோள் சேர்க்கும்போதே பக்க எண்ணுக்குரிய இடத்தில் குறிக்கலாம். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை மேற்கோள் காட்டுவோருக்கு இது மிகவும் பயன்படும். அங்கே பாட்டும் அடியுமே நம்பகமான முகவரி.

மதுரைக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் கூடி, பேரகராதியின் சுருக்கப் பெயர்களையும் தமிழ்ப் பெயர் மரபையும் ஏற்ற மேற்கோள் நடை ஒன்றை வகுத்து, ஆய்வு மாணவர்களுக்கு முதல் பருவத்திலேயே கற்றுத்தர வேண்டும். இந்த மென்பொருள்கள் பயன்படுத்தும் நடைக்கோப்பை எவரும் எழுதிச் சேர்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.