தமிழ்த் திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகள்

தமிழ்த் திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகள் சித்தரிக்கப்பட்டுள்ள விதம், திரைப்பட ஆய்விலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய உரையாடல்களிலும் தொடர்ந்து பேசப்பட்டு வரும் ஒரு பொருளாகும். பார்வையின்மை, செவித்திறன் குறைவு, கை கால் செயலிழப்பு, குள்ளத்தன்மை, மனவளர்ச்சிக் குறைவு, தன்முனைப்புக் குறைபாடு எனப் பலவகைக் குறைபாடுகளை உடைய கதைமாந்தர்கள் 1940கள் முதலே தமிழ்த் திரையில் இடம்பெற்று வந்துள்ளனர். இவர்களுட் பெரும்பாலோர் கதையின் தேவைக்காகக் குறைபாடு அளிக்கப்பட்டவர்கள். குறைபாட்டுடன் வாழும் வாழ்க்கையைக் காட்டுவதற்காகப் படைக்கப்பட்டோர் சிலரே.

சொற்கள்

பழைய படங்களின் உரையாடல்களில் நொண்டி, முடவன், குருடன், செவிடன், ஊமை, பைத்தியம் ஆகிய சொற்கள் தடையின்றி வழங்கின. அரசு ஆவணங்களில் நெடுங்காலம் "ஊனமுற்றோர்" என்ற சொல்லே இருந்தது. 2010 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு இதற்கெனத் தனித் துறை ஏற்படுத்தியபோது "மாற்றுத்திறனாளிகள்" என்ற சொல் அரசு வழக்காயிற்று. செய்தித்தாள்களும் விரைவில் அதனை ஏற்றுக்கொண்டன. திரைப்பட உரையாடல்களில் மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. ஒரு நகைச்சுவைக் காட்சியில் இடப்படும் பட்டப்பெயர் மறுநாளே பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் ஒரு குழந்தையின் மீது ஒட்டிக்கொள்கிறது என்பதால் இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

தண்டனையாகக் குறைபாடு

தமிழ்த் திரையின் தொடக்க காலப் படங்களில் உடற்குறை பெரும்பாலும் பாவத்தின் பலனாகவே காட்டப்பட்டது. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1944 தீபாவளிக்கு வெளிவந்து, மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் என்று புகழப்படும் ஹரிதாஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெற்றோரைத் துன்புறுத்திய நாயகன் தன் கால்களை இழக்கிறான். மனம் திருந்திப் பெற்றோரிடம் மீண்டபின் கால்களைத் திரும்பப் பெறுகிறான். குறைபாடு இறைவன் எழுதும் தீர்ப்பாகவும், குணமாதல் மன்னிப்பாகவும் இங்கு அமைகின்றன.

பகுத்தறிவு இயக்கத்தின் சார்புடையோர் உருவாக்கிய ரத்தக்கண்ணீர் (1954) கூட இவ்வாய்பாட்டிலிருந்து விலகவில்லை என்பது வியப்பளிப்பதாகும். திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகத்தைத் தழுவி கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இப்படத்தில், வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரமாக எம். ஆர். ராதா நடித்தார். மனைவியைப் புறக்கணித்துக் கணிகையிடம் செல்லும் அவன் தொழுநோய்க்கு ஆளாகி, பார்வையையும் இழந்து தெருவில் அலைகிறான். தொழுநோய் ஒருவகை நுண்ணுயிரியால் உண்டாவது என்பதை 1873 இலேயே நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்திருந்தார். அது ஒழுக்கத்தோடு தொடர்புடையதன்று, பாலியல் நோயும் அன்று. படம் வெளியான காலத்தில் டாப்சோன் என்னும் மருந்தும் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. மூட நம்பிக்கைகளை எள்ளி நகையாடும் உரையாடல்களுக்கு நடுவே, தொழுநோயாளி பாவம் செய்தவனே என்ற மூட நம்பிக்கை மட்டும் படத்தில் உறுதிப்பட்டு நிற்கிறது. ராதாவின் நடிப்பு எவ்வளவு சிறந்ததோ, அவ்வளவு ஆழமாக அக்கருத்தும் பதிந்தது.

குணமாகும் நாயகன்

ஏ. பீம்சிங் இயக்கிய பாகப்பிரிவினை (1959) நாயகனின் குறைபாட்டைத் தண்டனையாகக் காட்டவில்லை. சிறுவயதில் மின்சாரம் தாக்கி ஒரு கையும் காலும் செயலிழந்த கன்னையனாக சிவாஜி கணேசன் நடித்தார். மடங்கிய கையும் இழுத்து நடக்கும் காலுமாகப் படம் முழுவதும் அவர் காட்டிய உடல்மொழி, பின்னர் வந்த பல நடிகர்களுக்குப் பாடமாயிற்று. வெள்ளை உள்ளம், உழைப்பு, குடும்பத்தின் மீது எல்லையற்ற பாசம் ஆகியவை கன்னையனின் இயல்புகள். உடலில் குறை உள்ளவன் உள்ளத்தில் குறையற்றவன் என்ற இந்த எதிர்நிலை அதன்பின் ஒரு வார்ப்பாகவே மாறியது. இறுதியில் மீண்டும் மின்சாரம் தாக்கிக் கையும் காலும் சீராகின்றன. மருத்துவ முறைப்படி இதற்குப் பொருள் எதுவும் இல்லை. ஆயினும் நாயகன் குறையோடு வீடு திரும்புவதை அன்றைய வணிகப் படம் ஏற்கத் தயங்கியது என்பதை இக்காட்சி தெளிவாகக் காட்டுகிறது. இப்படம் இந்தியில் கான்தான் (1965) என்ற பெயரில் மறுஆக்கம் செய்யப்பட்டு, சுனில் தத்துக்குப் பிலிம்பேர் விருதைப் பெற்றுத் தந்தது.

இதே காலப்பகுதியில் திரைக்கு வெளியே நிகழ்ந்த ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. 1967 சனவரி 12 அன்று எம். ஆர். ராதாவால் சுடப்பட்ட எம். ஜி. ஆரின் பேச்சு நிலையாகப் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டில் வெளியான காவல்காரன் முதற்கொண்டு அவர் தம் மாறிய குரலிலேயே தொடர்ந்து பேசி நடித்தார். தெளிவற்ற அப்பேச்சை மக்கள் கேலி செய்யவில்லை. அவரைத் தொடர்ந்து வெற்றி நாயகராகவே ஏற்றனர். குறைபாடுள்ள நாயகனைப் பார்வையாளர் ஏற்கமாட்டார் என்ற திரைத்துறையின் நம்பிக்கைக்கு இது வலுவான மறுப்பாகும்.

சப்பாணியும் கோபாலகிருஷ்ணனும்

பாரதிராசாவின் முதற் படமான 16 வயதினிலே (1977), ஊர் ஒருவனுக்கு இடும் பெயரையே கதையின் மையங்களுள் ஒன்றாக்கியது. காலைச் சாய்த்து நடக்கும் கோபாலகிருஷ்ணனை ஊரார் "சப்பாணி" என்றே அழைக்கின்றனர். கமல்ஹாசன் இவ்வேடத்தை ஏற்றார். முதலில் அவனைப் பொருட்படுத்தாத மயில் (ஸ்ரீதேவி), பின்னர் இனி அப்பெயரால் அழைப்போரை அறையுமாறு அவனிடம் கூறுகிறாள். பரட்டை (ரஜினிகாந்த்) அவ்வாறு அழைக்கும்போது அவன் அறைகிறான். இரக்கத்தைக் கேட்காமல் பெயரைக் கேட்கும் அக்காட்சி தமிழ்த் திரையில் ஒரு திருப்புமுனை எனலாம். எனினும் பல பத்தாண்டுகள் கடந்தும் இரசிகர்களும் இதழ்களும் அக்கதைமாந்தனைச் "சப்பாணி" என்றே குறிப்பிட்டு வருகின்றனர்.

அதே ஆண்டில், குல்சாரின் கோஷிஷ் (1972) என்ற இந்திப் படத்தின் தமிழாக்கமாக உயர்ந்தவர்கள் வெளிவந்தது. செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற தம்பதியராகக் கமல்ஹாசனும் சுஜாதாவும் நடித்தனர். குறைபாடுள்ள இருவர் தம்முள் மணந்து இல்லறம் நடத்துவதைக் காட்டிய வகையில் இது அரிய படமாகும்.

கமல்ஹாசனின் நூறாவது படமான ராஜபார்வை (1981) சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கத்தில் வெளிவந்தது. பார்வையற்ற வயலின் கலைஞன் ரகுவுக்கு இறுதியில் கண் கிடைப்பதில்லை, காதலி கிடைக்கிறாள். தியாகமோ மரணமோ அற்புதமோ இல்லாத இம்முடிவு அக்காலத்தில் புதுமையானது. படம் வணிக வெற்றி பெறவில்லை. இதே இயக்குனரும் நடிகரும் இணைந்த அபூர்வ சகோதரர்கள் (1989) பெரும் வெற்றி கண்டது. வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குப் புகட்டப்பட்ட நஞ்சினால் குள்ளனாகப் பிறக்கும் அப்புவின் காதல் தோல்வி உருக்கமாகக் காட்டப்பட்டாலும், இயல்பான உயரமுடைய தம்பிக்கு மட்டுமே மணவாழ்க்கை வாய்க்கிறது. அப்புவுக்குக் கதை தருவது பழிவாங்கும் உரிமை மட்டுமே.

வில்லனும் நகைச்சுவையும்

கூனி, சகுனி ஆகிய இதிகாச மாந்தரின் வழியாக உடற்கோணலையும் மனக்கோணலையும் ஒன்றாகக் காணும் வழக்கம் கூத்திலிருந்தும் நாடகத்திலிருந்தும் திரைக்கு வந்தது. வாலி (1999) இதன் நவீன வடிவம். உதட்டசைவைக் கொண்டே பேச்சை அறியும், விளம்பரத் துறையில் வல்லவனான தேவா, தம்பியின் மனைவியை அடைய முயலும் வில்லனாகிறான். இரு வேடங்களிலும் அஜித் குமார் நடித்தார். தேவாவின் அறிவுக்கூர்மை காரணமாக, இரக்கத்துக்குரிய வார்ப்பிலிருந்து இப்படம் விலகியது என்று வாதிடுவோரும் உண்டு.

நகைச்சுவைப் பகுதிகளில் திக்குவாய், மாறுகண், செவிட்டுத்தன்மை ஆகியன நெடுங்காலமாகச் சிரிப்புக்குரிய பொருள்களாக இருந்து வந்துள்ளன. சின்னத்தம்பி (1991) படத்தில் கவுண்டமணியின் மாலைக்கண் நோய்க் காட்சிகள் இன்றும் தொலைக்காட்சியில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பாகின்றன. உயிர்ச்சத்து ஏ பற்றாக்குறையினால் ஏழைக் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகிறது என்ற செய்தி அக்காட்சிகளில் எங்கும் இல்லை.

ஷங்கரின் ஐ (2015), 1944 ஆம் ஆண்டின் ஹரிதாசுக்கே திரும்பிச் சென்றது எனலாம். எதிரிகளால் உருக்குலைக்கப்பட்ட நாயகன் (விக்ரம்), அவர்கள் ஒவ்வொருவரையும் அவ்வாறே உருக்குலைத்துப் பழி தீர்க்கிறான். சிதைந்த உடல் மரணத்தைவிடக் கொடிய தண்டனை என்பதே கதையின் அடிப்படை. அவ்வாறு சிதைந்தவர்களின் தோற்றம் நகைப்புக்கும் பயன்படுத்தப்படுகிறது.

இரக்கமும் அதற்கு அப்பாலும்

மணிரத்னத்தின் அஞ்சலி (1990) மனவளர்ச்சி குன்றிய குழந்தையைக் குடும்பமும் அடுக்ககக் குடியிருப்பும் ஏற்றுக்கொள்ளும் கதை. தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. ஏற்றுக்கொள்ளப்பட்ட குழந்தை இறுதியில் இறந்துவிடுகிறது. வாழ்ந்திருந்தால் பள்ளி, வேலை, முதுமை என எழும் கேள்விகளை மரணம் தீர்த்துவைப்பது இவ்வகைப் படங்களின் பொதுவான வழியாகும். பாலாவின் நான் கடவுள் (2009) இன்னும் கடுமையானது. செயமோகனின் ஏழாம் உலகம் புதினத்தை ஓரளவு அடிப்படையாகக் கொண்ட இப்படம், குறைபாடுடையோரை வாங்கி விற்றுப் பிச்சையெடுக்க வைக்கும் கும்பலைக் காட்டியது. உண்மையான மாற்றுத்திறனாளிகள் பலர் இதில் நடித்தனர். அவர்களுக்குள் நிகழும் கேலியும் பாசமும் தமிழ்த் திரை அதுவரை காணாதவை. ஆனால் பார்வையற்ற அம்சவல்லியைத் துன்பத்திலிருந்து "விடுவிக்க" நாயகன் அவளைக் கொல்வதோடு படம் முடிவடைவது கடும் விமர்சனத்துக்கு இடமளிப்பது. பாலாவுக்குச் சிறந்த இயக்குனருக்கான தேசிய விருது இப்படத்துக்காகக் கிடைத்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே ராதாமோகனின் மொழி (2007) வெளியாகியிருந்தது. காது கேளாத, பேச இயலாத அர்ச்சனாவாக ஜோதிகா நடித்தார். அர்ச்சனா கோபக்காரி, தன்மானம் மிக்கவள், தன் மீது இரக்கப்படுவோரை விரும்பாதவள். அவளைக் காதலிக்கும் இசைக்கலைஞனே (பிரித்விராஜ்) சைகை மொழியைக் கற்க வேண்டியதாகிறது. மாற வேண்டியது குறைபாடுள்ளவர் அல்லர், சுற்றியிருப்போரே என்ற கருத்து விரிவுரை ஏதுமின்றிக் கதையாகவே சொல்லப்பட்டது.

ராஜு முருகனின் குக்கூ (2014) பார்வையற்ற இருவரின் காதலைச் சென்னை மின்தொடர்வண்டிகளின் பின்னணியில் கூறியது. ஜி. என். ஆர். குமாரவேலன் இயக்கிய ஹரிதாஸ் (2013), பெயரில் மட்டும் பழைய படத்தை ஒத்தது. தன்முனைப்புக் குறைபாடுள்ள மகனைப் புரிந்துகொள்ள ஒரு காவல்துறை அதிகாரி படும் பாடே அதன் கதை. அங்கு எவரும் எவரையும் தண்டிக்கவில்லை, மகன் குணமடைவதும் இல்லை. ராமின் பேரன்பு (2019) மூளை முடக்குவாதம் உள்ள மகள் பருவமடைந்தபின் தனித்து அவளை வளர்க்கும் தந்தையின் (மம்மூட்டி) நிலையைப் பேசியது. மாதவிடாய், பாலுணர்வு, பராமரிப்போரின் களைப்பு ஆகியவற்றை இவ்வளவு வெளிப்படையாகப் பேசிய தமிழ்ப்படம் அதற்கு முன் இல்லை.

யார் நடிப்பது?

மேற்கூறிய முதன்மை வேடங்களில் நடித்தோர் அனைவரும் குறைபாடற்றவர்களே. உலகத் திரையிலும் நிலை பெரிதும் இதுவே. எனினும் இராணுவப் பயிற்சியின்போது நிகழ்ந்த விபத்தில் இரு கைகளையும் இழந்த ஹரால்ட் ரசல் 1947 இலும், செவித்திறனற்ற மார்லி மாட்லின் 1987 இலும், டிராய் கோட்சர் 2022 இலும் ஆஸ்கர் விருதுகளைப் பெற்றுள்ளனர்.

தென்னிந்தியாவில் முன்னோடியாகச் சுதா சந்திரனைக் கூறலாம். 1981 இல் திருச்சிராப்பள்ளி அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தைத் தொடர்ந்து ஒரு காலை இழந்த அவர், செய்ப்பூர்க் கால் பொருத்திக்கொண்டு மீண்டும் மேடையில் நடனமாடினார். அவர் வாழ்க்கையைத் தழுவி சிங்கீதம் சீனிவாசராவ் தெலுங்கில் எடுத்து, தமிழிலும் வெளிவந்த மயூரி (1985) படத்தில் அவரே நடித்துத் தேசிய விருதும் பெற்றார்.

நாடோடிகள் (2009) படத்தில் அறிமுகமான அபிநயா பிறவியிலேயே செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்றவர். அவர் ஏற்றதோ பேசும் பெண்ணின் வேடம். உதட்டசைவைக் கற்று நடித்தார், குரலை வேறொருவர் வழங்கினார். தமிழ்த் திரையில் நாயகியர் பலருக்கும் பின்னணிக் குரல் கொடுப்பது வழக்கமாதலால் இதனைப் பார்வையாளர் உணரவே இல்லை. தமிழ் அறியாத நடிகையருக்காக ஏற்பட்ட வசதி, செவித்திறனற்ற ஒருவருக்கும் வழிதிறந்தது. இதைப் பின்பற்றி வேறு பலருக்கும் வாய்ப்பளிக்கப்பட்டிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை.

தணிக்கையும் சட்டமும்

1991 ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கை வழிகாட்டல்கள், உடற்குறை அல்லது மனக்குறை உடையோரை இழிவுபடுத்தும் அல்லது கேலி செய்யும் காட்சிகளைத் தவிர்க்குமாறு கூறுகின்றன. மேலே கண்ட ஐ இவ்வழிகாட்டல் நடப்பில் இருந்தபோதே சான்றிதழ் பெற்றது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை இருபத்தொன்றாக விரித்தது. குள்ளத்தன்மையும் தன்முனைப்புக் குறைபாடும் அவற்றுள் அடங்கும். பொது இடத்தில் மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமதிப்பதையும் அச்சட்டம் குற்றமாக்கியது.

ஆங்க் மிச்சோலி (2023) என்ற இந்திப் படத்துக்கு எதிராக நிபுன் மல்கோத்ரா தொடர்ந்த வழக்கில், 2024 சூலை 8 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறைபாட்டை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, குறைபாட்டைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு என்று தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் அமர்வு வேறுபடுத்திக் காட்டியது. இழிசொற்களைத் தவிர்த்தல், மருத்துவத் தகவல்களைச் சரிபார்த்தல், மாற்றுத்திறனாளிகளைக் கலந்தாலோசித்தல் ஆகியன அத்தீர்ப்பு வகுத்த நெறிகளுட் சில.

பார்வையாளராக மாற்றுத்திறனாளிகள்

திரையில் தோன்றுவது ஒருபுறமிருக்க, திரைப்படத்தைக் காண்பதே பலருக்கு அரிதாக இருந்து வந்துள்ளது. 2024 மார்ச்சில் இந்திய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டல்கள், திரையரங்குகளில் காட்சி விவரிப்பு ஒலி, உரையாடலையும் ஓசைகளையும் எழுத்தில் காட்டும் துணையெழுத்து ஆகியவற்றைக் கோருகின்றன. காட்சி விவரிப்பு ஒலி என்பது உரையாடல்களுக்கு இடையே திரையில் நிகழ்வதைப் பார்வையற்றோருக்குச் சொல்லும் தனி ஒலித்தடமாகும். இவ்வழிகாட்டல்கள் திரையரங்குகளுக்கானவை. சென்னையின் பல்திரை அரங்குகளில் இவ்வசதி கிடைத்தாலும், பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள சுண்ணாம்புக்குளம் போன்ற ஊர்களில் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் படம் பார்க்கும் ஒருவருக்கு அது பயன்படாது. தமிழ்த் தொலைக்காட்சிகளில் தமிழ்ப்படங்கள் தமிழ்த் துணையெழுத்து இன்றியே பெரும்பாலும் ஒளிபரப்பாகின்றன. செவித்திறனற்ற நாயகியின் கதையான மொழி ஒளிபரப்பாகும்போதும் அவ்வாறே.