கீறலுக்கும் வெட்டுக்கும் இடையே: எழுத்தின் ஆழமும் புள்ளியின் வழக்கும்

ஓலையில் எழுத்தைக் கீறினர், செம்பில் பொறித்தனர், கல்லில் வெட்டினர். மூன்று வினைகளும் எழுதுதலையே குறிப்பினும், கருவி இறங்கும் ஆழத்தால் வேறுபடுகின்றன. எழுத்தின் வடிவ வரலாற்றைப் பேசுவோர் இந்த ஆழத்தைப் பெரும்பாலும் கடந்து சென்றுவிடுகின்றனர்.

பனையோலையின் இரு பக்கங்களிலும் எழுதுவது வழக்கம். எழுத்தாணியின் முனை மேற்பரப்பைக் கீற வேண்டும், மறுபக்கத்தை எட்டலாகாது. கீறல் மேலோட்டமானால் மையாடும்போது விளக்குக்கரி அதில் தங்காது. ஆழம் மிகுந்தால் நாரின் வழியே ஓலை பிளக்கும். இவ்விரு எல்லைகளுக்கு நடுவே அழுத்தத்தைக் காத்தது எழுத்தரின் கை. வலக்கை எழுத்தாணியைப் பிடிக்க, இடக்கைப் பெருவிரல் அதற்குத் தாங்கலாக நின்றது.

செம்பிலும் இதே சிக்கல் வேறு உருவில் இருந்தது. 1888இல் வெளிவந்த குப்தர் சாசனத் தொகுதியில் ஃபிளீட், பல செப்பேடுகளுக்கு எழுத்தின் ஆழத்தையும் தகட்டின் தடிமனையும் பதிவுசெய்து, எழுத்து மறுபக்கத்தில் புடைத்துத் தெரிகிறதா என்பதையும் குறிக்கிறார். மெல்லிய தகட்டில் ஆழமாகப் பொறித்தால் பின்பக்க எழுத்து கெடும். ஏடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து எழுத்து தேயாதிருக்கப் பல செப்பேடுகளின் விளிம்புகளைச் சற்று உயர்த்தி அமைத்தனர். கேரளத்தில் கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் சாட்சியர் ஏட்டில் கூஃபிக் அரபு, பகலவி, எபிரேயம் ஆகிய எழுத்துகளும் உள்ளன. மையும் தூவலும் கொண்டு எழுதப் பழகிய அவ்வெழுத்துகளும் அங்கே உலோகத்தில் இறங்கியே நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டில் கருவி ஒளியாயிற்று. 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். 1964இல் மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கினார். அதன் 10.6 மைக்ரோமீட்டர் அலைநீள ஒளியை மரம், தோல், அக்ரிலிக் முதலியவை நன்கு உறிஞ்சுகின்றன. 1967இல் இங்கிலாந்தில் பீட்டர் ஹோல்டுகிராஃப்ட் ஆக்சிஜன் பீச்சின் துணையுடன் லேசரால் எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். இன்று பெயர்ப்பலகைக் கடைகளில் இயங்கும் பொறிகள் பல கரியமில வாயு லேசரைக் கொண்டவை.

இப்பொறிக்கு முனை இல்லை, குவியம் உண்டு. வில்லையைக் கடந்த ஒளி கூம்பாகக் குறுகி, ஓரிடத்தில் மிக மெலிந்து, பின் மீண்டும் விரிகிறது. மெலிந்த அவ்விடம் பரப்பில் விழுந்தால் கோடு கூர்மையாகும். மேலோ கீழோ விலகினால் கோடு அகன்று வெப்பம் சிதறும். எனவே லேசர் தலையின் உயரமே எழுத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு படலத்தைச் செதுக்கியதும் பரப்பு தாழ்கிறது. ஒவ்வொரு படலமும் 0.5 மில்லிமீட்டர் நீங்கினால், நான்காம் படலம் முடிகையில் பரப்பு 2 மில்லிமீட்டர் கீழே சென்றிருக்கும். தலையும் படலத்துக்குப் படலம் அதே அளவு இறங்க வேண்டும். இன்றேல் குவியம் வெறுங்காற்றில் நிற்கும். பொறித்தலுக்குக் குவியத்தைப் பரப்பில் வைப்பர். தடித்த பலகையை வெட்டும்போது அதன் தடிமனுக்குள் இறக்குவர். பொறித்தலை முதலிலும் வெட்டுதலை இறுதியிலும் செய்வர். முதலிலேயே வெட்டினால் துண்டு நகர்ந்தோ சாய்ந்தோ உயரக்கணக்கு பிழைபடும்.

இப்பொறியிலும் ஒரு புள்ளியில் நிற்பது ஆபத்தானது. தலை நிற்கும் இடத்தில் வெப்பம் குவிந்து ஆழம் மிகும். அதனால் வேகம் குறையும்போது ஆற்றலையும் குறைக்கின்றனர்.

இவ்விடத்தில் பலரும் திரும்பத் திரும்பப் பகிரும் ஒரு விளக்கத்தை எடைபோடலாம். மெய்யெழுத்துக்கும் குறில் எகர ஒகரங்களுக்கும் புள்ளி இடும் முறையைத் தொல்காப்பியம் கூறுகிறது. ஆயினும் ஓலைச்சுவடிகள் பெரும்பாலும் புள்ளியின்றியே உள்ளன. புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்பதே காரணம் என்பர். அந்த ஆபத்து மெய்யே. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் புள்ளி பெரும்பாலும் விடப்பட்டுள்ளது. கருங்கல் புள்ளியால் கிழியாது. ஆகவே ஓலையின் மென்மை மட்டும் முழு விடையாகாது. சூழலைக் கொண்டே சொல்லை அறிந்துகொள்ளும் வாசிப்புப் பழக்கம் புள்ளியைத் தேவையற்றதாக்கியது எனக் கொள்வதே இரு வகைச் சான்றுகளுக்கும் பொருந்துகிறது.

இவ்வேறுபாடு சிறிதன்று. புள்ளியில்லா ஏட்டில் 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் ஒரே வடிவின. நெடிலுக்குத் தனி வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவரால் பரவியது. அதற்கு முந்தைய ஏடுகளைப் பதிப்பித்தோர் ஒவ்வொரு புள்ளியையும் தாமே இட்டனர். அச்சுநூலில் நாம் காணும் புள்ளி எழுத்தரின் கையிலிருந்து வந்ததன்று. பதிப்பாசிரியரின் தீர்ப்பிலிருந்து வந்தது. ஓலையின் மீது பழியைப் போட்டுவிட்டால் அத்தீர்ப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பழைய பாடலொன்றின் பொருளில் ஐயம் எழுந்தால், முதலில் கேட்க வேண்டிய வினா இதுவே: இந்தப் புள்ளியை இட்டவர் யார்?