கண்ணுக்குள் ஆபரேஷன் செய்யும் ரோபோ: டாக்டருக்குப் பதிலா, டாக்டரின் கைக்குத் துணையா?

தலைமுடியை விட மெல்லிய ஒரு ஊசியை, 10 நிமிடம் கொஞ்சம்கூட அசையாமல் பிடிக்கச் சொன்னால் உங்களால் முடியுமா? பல வருட அனுபவமுள்ள கண் டாக்டருக்கே அது முடியாத காரியம். அதற்காகத்தான் ஒரு இயந்திரக் கையை உருவாக்கினார்கள். அது எப்படி வேலை செய்கிறது?

கை நடுக்கம் ஏன் பிரச்னை?

கேமராவுக்கு சென்சார் மாதிரி, கண்ணுக்கு விழித்திரை. அதன் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்தான். நன்றாக இருக்கும் மனிதக் கையிலும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் உண்டு. அது ஏறத்தாழ 0.1 மி.மீ. விழித்திரையில் உள்ள ரத்தக்குழாயின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊசி கொஞ்சம் விலகினாலும் பார்வைக்கே ஆபத்து.

வடிவமைப்பில் என்ன சவால்?

இளநீரில் போட்ட ஸ்ட்ராவை சுற்றிப் பாருங்கள். நுனி உள்ளே எங்கே போனாலும், துளை இருக்கும் இடம் நகராது. கண் ஆபரேஷனும் அப்படித்தான். கண்ணின் வெள்ளைப் பகுதியில் 1 மி.மீ-க்கும் குறைவான துளை வழியாக கருவி உள்ளே போகும். அந்த இடத்தில் பக்கவாட்டில் இழுத்தால் கண் சுவர் சேதமாகும். அதனால் ரோபோ கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும், துளை இருக்கும் புள்ளி மட்டும் அசையாதபடி அதன் இணைப்புகளை வடிவமைக்கிறார்கள்.

டாக்டர் என்ன செய்வார்?

இதில் இரண்டு முறைகள் இருக்கின்றன.

ஒன்று, ஜாய்ஸ்டிக் முறை. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி ஜாய்ஸ்டிக்கை நகர்த்துவார். அந்த அசைவைப் பல மடங்கு சின்னதாக்கி, நடுக்கத்தை வடிகட்டி, ரோபோ கருவியை நகர்த்தும். கையை எடுத்துவிட்டால் கருவி அப்படியே நிற்கும்.

இன்னொன்று, டாக்டரும் ரோபோவும் ஒரே கருவியைச் சேர்ந்து பிடிப்பது. டாக்டர் தள்ளும் திசையில் ரோபோ நிதானமாக நகரும். நடுக்கத்துக்கு மட்டும் இடம் கொடுக்காது.

இரண்டிலுமே ரோபோ தானாக எதையும் வெட்டாது.

இதுவரை என்ன நடந்திருக்கிறது?

* 2016: இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ராபர்ட் மெக்லாரன் குழு, உலகில் முதல்முறையாக ரோபோ உதவியுடன் கண்ணுக்குள் ஆபரேஷன் செய்தது. விழித்திரை மேல் வளர்ந்திருந்த, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமனுள்ள சவ்வை அகற்றினார்கள். நெதர்லாந்தில் உருவான 'பிரிசைஸ்' என்ற அந்த ரோபோவில் 7 மோட்டார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத் துல்லியமாக நகரும்.

* 2017: பெல்ஜியத்தின் லூவன் நகரில், விழித்திரை ரத்தக்குழாய் அடைப்புக்கு ரோபோ உதவியுடன் மருந்து செலுத்தினார்கள். ஊசியின் தடிமன் 0.03 மி.மீ. மருந்து இறங்க ஆன நேரம் 10 நிமிடம்.

கையை விட ரோபோ சிறந்ததா?

ஆக்ஸ்ஃபோர்டு குழு 12 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டது. பாதிப் பேருக்கு கையால், பாதிப் பேருக்கு ரோபோவால் ஆபரேஷன். இரண்டுமே சமமான வெற்றி. ஆனால் ரோபோவுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அப்போ எதற்கு ரோபோ? கையால் செய்ய முடிவதை அதுவும் செய்வது பெரிய விஷயமல்ல. கையால் முடியாததைச் செய்வதில்தான் அதன் பயன். உதாரணமாக, பரம்பரைப் பார்வைக் குறைபாடு சிலவற்றுக்கான மரபணு சிகிச்சையில், விழித்திரைக்கு அடியில் மருந்தை மெதுவாக செலுத்த வேண்டும். அதற்கு ஊசி அசையாமல் நிற்பது ரொம்ப முக்கியம்.

கண்புரை ஆபரேஷனுக்கும் இதுவா?

இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம். கண்புரைக்குப் பரவலாகப் பயன்படும் மெஷின், அல்ட்ராசவுண்ட் அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது. அது ரோபோ அல்ல. கருவியைப் பிடித்திருப்பது டாக்டரின் கைதான்.