தேர்வில்லாத பல்கலைக்கழகம் ஊர் சுற்றிய கதை

1973ஆம் ஆண்டு, பிரான்சின் தென்மேற்கில் உள்ள துலூஸ் நகரில் ஒரு விசித்திரமான பல்கலைக்கழகம் பிறந்தது. அதில் சேர யாரும் மதிப்பெண் பட்டியல் கேட்கவில்லை. படித்து முடித்தால் பட்டமும் கிடையாது. ஓய்வு பெறும் வயதை எட்டியிருக்க வேண்டும்; ஒரு படிவத்தை நிரப்பிச் சிறு கட்டணம் கட்ட வேண்டும். நிபந்தனை அவ்வளவுதான். பிள்ளைப் பருவம் முதலாவது, உழைக்கும் பருவம் இரண்டாவது, அதற்குப் பிறகு வருவது மூன்றாவது என்ற கணக்கில் அதற்கு மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்தார்கள்.

அரை நூற்றாண்டுக்குள் அது கண்டம் விட்டுக் கண்டம் குடிபெயர்ந்தது. போன இடங்களில் குணத்தையும் மாற்றிக்கொண்டது. பணம் யார் தருவது, பாடம் யார் நடத்துவது என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு நாடும் வேறு வேறு பதில் சொன்னதுதான் காரணம்.

துலூஸில் அதைத் தொடங்கியவர் பியர் வெல்லாஸ் என்ற சட்டப் பேராசிரியர். அந்நகரின் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டுச் சட்டம் கற்பித்துவந்தவர். 1968 மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு, அதே ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த உயர்கல்விச் சட்டம், வாழ்நாள் முழுவதுக்குமான கல்வியையும் பல்கலைக்கழகங்களின் கடமைகளில் ஒன்றாக்கியிருந்தது. பெரும்பாலானோர் அதை வேலையில் இருப்பவர்களுக்கான பயிற்சி என்றே எடுத்துக்கொண்டார்கள். வெல்லாஸ் முதியோர் விடுதிகளுக்குப் போய்ப் பார்த்தார். உடம்பு நன்றாக இருந்தும் பொழுதுக்கு ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைக் கண்டார். இவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று முடிவெடுத்தார். வரலாறு, பொருளாதாரம், உடல்நலம் பற்றிய விரிவுரைகளோடு உடற்பயிற்சியும் சுற்றுலாவும் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

முதியவர்கள் படிக்க வந்தது அதுதான் முதல் முறை என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க்கின் நியூ ஸ்கூல் என்ற கல்வி நிறுவனத்தில் 1962இலேயே ஓய்வுபெற்ற தொழில்துறையினருக்கென்று ஒரு மையம் இயங்கியது. ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில் 1969இல் இனாமினோ காகுவென் என்ற முதியோர் கல்லூரி தொடங்கியது. ஆனால் துலூஸ் மாதிரிதான் சுலபமாகப் பயணம் செய்தது. அதற்கு வேண்டியவை விரிவுரைக் கூடமும் விரிவுரையாளரும்தான். எந்த நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் இந்த இரண்டும் ஏற்கெனவே இருந்தன. 1975இல் இதற்கென ஒரு பன்னாட்டுச் சங்கமே அமைந்துவிட்டது.

அதே ஆண்டு அது இரும்புத்திரையையும் தாண்டியது. போலந்துத் தலைநகர் வார்சாவில் அதைத் தொடங்கியவர் ஹலினா ஷ்வார்ட்ஸ் என்ற முதியோர் மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் போலந்தின் தலைமறைவுப் படைக்காக ஜெர்மானியர்களை உளவு பார்த்தவர். நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டபோவிடம் பிடிபட்டும் உயிர் தப்பியவர். கம்யூனிச அரசின் கீழ், சுதந்திரமாகக் கூட்டம் கூடுவதே சிரமமாக இருந்த நாட்டில், முதியவர்கள் கூடிப் படிக்க ஓர் இடத்தை அவர் உருவாக்கினார். இன்று போலந்தில் இத்தகைய அமைப்புகள் 600க்கு மேல் உள்ளன. சிறு நகரங்களிலும் நூலகத்தையோ பண்பாட்டு மையத்தையோ ஒட்டி அவை நடக்கின்றன.

அமெரிக்கா தனிவழி போட்டுக்கொண்டது. மார்ட்டி நோல்டன் என்பவர் முதுகுப்பையோடு ஐரோப்பாவைச் சுற்றியபோது, இளைஞர்கள் தங்கும் விடுதிகளையும் ஸ்காண்டிநேவிய நாட்டுப்புறப் பள்ளிகளையும் பார்த்தார். கோடை விடுமுறையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி விடுதிகளில் முதியவர்களைத் தங்கவைத்து ஒரு வாரம் பாடம் நடத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1975 கோடையில் நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்தின் 5 கல்லூரிகளில் 220 பேருடன் எல்டர்ஹாஸ்டல் தொடங்கியது. இன்று ரோட் ஸ்காலர் என்ற பெயரில், உலகம் சுற்றிக்கொண்டே படிக்கும் பயணத் திட்டமாக அது நடக்கிறது. வசதி உள்ளவர்களுக்கு அது அருமையான ஏற்பாடு.

துலூஸில் பிறந்தது அடியோடு மாறியது ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிறகுதான். 1981இல் கேம்பிரிட்ஜில் மூன்று பேர் சேர்ந்து அதை வரவேற்றார்கள். ஒருவர் பீட்டர் லாஸ்லெட்; பழைய தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, அந்தக்கால ஆங்கிலேயர் பெரிய கூட்டுக்குடும்பமாக வாழ்ந்தார்கள் என்ற நம்பிக்கையை உடைத்த வரலாற்றாசிரியர். இன்னொருவர் மைக்கேல் யங். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்ற யோசனைக்கு வித்திட்டவர்களில் ஒருவர். மூன்றாமவர் கல்வியாளர் எரிக் மிட்வின்டர். லாஸ்லெட்டும் யங்கும் 1915இல் பிறந்தவர்கள். பிரிட்டனில் ஆண்களின் ஓய்வூதிய வயது அப்போது 65. அதாவது, தாங்களே உட்காரப்போகும் வகுப்பறைக்குத்தான் இருவரும் திட்டம் போட்டார்கள்.

அந்த ஆண்டுதான் பிரிட்டனின் தாட்சர் அரசு பல்கலைக்கழகங்களின் நிதியைக் கடுமையாக வெட்டியது. இளைஞர்களுக்கே இடம் குறைந்துகொண்டிருந்தபோது தாத்தா பாட்டிகளுக்கு யார் பணம் தருவார்கள்? ஆனால் அந்த மூவரும் பணமில்லாததை மட்டும் பார்க்கவில்லை. துலூஸ் மாதிரியின் அடிப்படையையே கேள்வி கேட்டார்கள். நாற்பது ஆண்டு ரயில் ஓட்டியவர், மருத்துவமனை நடத்தியவர், நிலம் அளந்தவர், கணக்கு எழுதியவர் என்று ஓய்வுபெற்றவர்களிடம் இத்தனை அறிவு இருக்கும்போது, வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து ஏன் பாடம் எடுக்க வேண்டும்? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நாளை வேறொரு பாடத்தில் அவரே மாணவராக உட்காரட்டும். சம்பளம் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. 1983இல் இந்தக் குழுக்களுக்குப் பொதுவாக ஓர் அறக்கட்டளையும் பதிவாகியது.

இது நடக்கும் விதம் எளிமையானது. ஓர் ஊரில் சிலர் சேர்ந்து கிளை தொடங்குவார்கள். ஆண்டுக்கு ஒரு சிறு சந்தா. உறுப்பினர் ஒருவர், நிலவியலில் ஆர்வம் உள்ளவர்கள் என் வீட்டு முன்னறைக்கு வாருங்கள் என்று அறிவித்தால் நிலவியல் குழு தயார். லத்தீன் படிப்பவர்கள், குடும்ப வரலாறு தேடுபவர்கள், உகுலேலே வாசிப்பவர்கள், சேர்ந்து நடப்பவர்கள் என்று குழுக்கள் பெருகும். ஆள் சேராவிட்டால் குழு தானாகவே கலைந்துவிடும். அதற்காக யாரும் அறிக்கை எழுத வேண்டியதில்லை. இன்று பிரிட்டனில் ஏறக்குறைய 1,000 கிளைகளும் சுமார் 4 லட்சம் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். 2020இல் கொரோனா முடக்கம் வந்தபோது, கணினியைக் கண்டால் ஒதுங்கியவர்கள்கூட ஒருவருக்கொருவர் தொலைபேசியில் சொல்லிக்கொடுத்து ஜூம் வகுப்புக்குள் நுழைந்தார்கள். வாத்தியாரை நம்பி இருந்திருந்தால் அது நடந்திருக்காது.

குறையும் உண்டு. வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே படித்த நடுத்தர வர்க்கத்தினர். சொல்லிக்கொடுக்க எனக்கு என்ன தெரியும் என்று வாழ்நாள் முழுக்க நம்பவைக்கப்பட்ட தொழிலாளி அந்த முன்னறைக் கதவைத் தட்டத் தயங்கினார். லாஸ்லெட் 1989இல் எழுதிய நூல் ஒன்றில், தன் விருப்பப்படி வாழும் மூன்றாம் பருவத்தையும், பிறரைச் சார்ந்து வாழும் நான்காம் பருவத்தையும் பிரித்துக் காட்டினார். அந்த மூன்றாம் பருவத்தை அனுபவிக்க ஓய்வூதியமும் ஓரளவு உடல்நலமும் வேண்டும் என்பதை விமர்சகர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள். அந்த விமர்சனம் இன்றும் செல்லும்.

பிரிட்டிஷ் வடிவம் 1984இல் மெல்போர்னில் இறங்கியது; 1989இல் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போனது. பக்கத்து ஊருக்கே பல மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய ஆஸ்திரேலியாவில் அது இன்னொரு மாற்றம் கண்டது. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்காக, 1990களின் இறுதியிலேயே இணையம் வழியாக வகுப்புகளைத் தொடங்கினார்கள்.

சீனாவில் இதன் கதை முற்றிலும் வேறு. 1980களின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசு மூத்த கட்சி ஊழியர்களையும் அதிகாரிகளையும் பெரும் எண்ணிக்கையில் ஓய்வுக்கு அனுப்பியது. பதவியும் கூட்டங்களும் போன பிறகு அவர்கள் என்ன செய்வது? 1983இல் ஷான்டோங் மாகாணத்தின் ஜினானில் செஞ்சிலுவைச் சங்கத்தின் பெயரில் முதல் முதியோர் பல்கலைக்கழகம் திறந்தது. இங்கே இடமும் ஆசிரியரும் பெரும்பாலும் அரசின் பொறுப்பு. சித்திர எழுத்து, ஓவியம், நடனம், சேர்ந்திசை, கைப்பேசிப் பயன்பாடு என்று வகுப்புகள் நிரம்பி வழிகின்றன. பல நகரங்களில் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. ஒரு முறை சேர்ந்தவர் படிப்பை முடித்துக்கொண்டு போக மனம் வராமல் அடுத்த பாடத்தில் சேர்ந்துகொள்வதால் புதியவருக்கு வழி கிடைப்பதில்லை. 2023இல் பெய்ஜிங்கில் தேசிய முதியோர் பல்கலைக்கழகம் ஒன்றும் தொடங்கப்பட்டது.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள சிங்கப்பூர், 2016இல் இதற்கென்று புதுக் கட்டடம் எதையும் எழுப்பவில்லை. ஏற்கெனவே உள்ள பல்கலைக்கழகங்கள், பாலிடெக்னிக்குகள், சமூக அமைப்புகள் ஆகியவற்றை ஒரே வலையில் கோத்து, முதியோருக்கான தேசியக் கல்விக் கழகம் என்று பெயர் சூட்டியது. 50 வயதைத் தாண்டியவர்கள் சலுகைக் கட்டணத்தில் அவற்றில் சேரலாம்.

இந்தியாவுக்கு வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. 2017-18இல் நடந்த லாசி என்ற தேசிய முதுமை ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முறையான பள்ளிக் கல்வி பெறாதவர்கள். லத்தீனும் நிலவியலும் பிறகு வரட்டும். பேருந்தின் பெயர்ப்பலகை முதலில் வர வேண்டும். ஆனால் நம் எழுத்தறிவுத் திட்டங்கள் நெடுங்காலம் இவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. 1978இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும், 1988இல் வந்த தேசிய எழுத்தறிவு இயக்கமும் குறிவைத்தது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களை. உழைக்கும் வயதினருக்குக் கொடுத்தால் நாட்டுக்குப் பலன் என்பது அவற்றின் தர்க்கம். பாட்டி அந்தத் தர்க்கத்துக்கு வெளியே நின்றாள்.

அவள் உள்ளே வந்தது வெகு தாமதமாக. 2016 மார்ச் 8 அன்று மகாராஷ்டிரத்தின் தாணே மாவட்டம் பாங்கணே கிராமத்தில் யோகேந்திர பாங்கர் என்ற பள்ளி ஆசிரியர் பாட்டிகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். 60 முதல் 90 வயது வரையான பெண்கள் இளஞ்சிவப்புப் புடவைச் சீருடையில், பையும் பலகையுமாக வந்தார்கள். 2018இல் கேரளத்தின் அட்சரலட்சம் என்ற எழுத்தறிவுத் தேர்வில் ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மா 96 வயதில் 100க்கு 98 வாங்கி மாநிலத்திலேயே முதலிடம் பெற்றார். அடுத்து கணினி கற்க ஆசை என்றார். மாநிலக் கல்வி அமைச்சர் மடிக்கணினி பரிசளித்தார். மத்திய அரசின் நாரி சக்தி விருதும் பெற்று, 2023இல் 101 வயதில் காலமானார். கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 105 வயதில் நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதித் தேறினார்.

தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த தொண்டர்களே இப்போது அறுபதை நெருங்கிவிட்டார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். இன்று இன்னும் அதிகம். இன்றைய எழுத்தறிவுத் திட்டத்தில் உச்ச வயது வரம்பு இல்லை. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் எண்பது வயதுக்காரர் பட்டத்துக்குச் சேரலாம். சட்டத்தில் தடை இல்லை. தடை இருப்பது வீட்டில். இந்த வயசுல படிச்சு கலெக்டராவா ஆகப்போறீங்க என்ற ஒற்றைக் கேள்வியில் எத்தனையோ பேர் புத்தகத்தை மூடிவைத்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நியாயமான பதில் இதுதான்: கலெக்டர் ஆவதற்காக இல்லை, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி ஓடிபி கேட்பவனிடம் ஓய்வூதியத்தைப் பறிகொடுக்காமல் இருக்க, மருந்துச் சீட்டைத் தானே படிக்க, பேசவும் கேட்கவும் நாலு பேர் இருக்க.

இந்தப் பயணத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கேம்பிரிட்ஜின் பதில் என்று நினைக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நம்மிடம் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், செவிலியர்கள், மின்வாரியக்காரர்கள், தபால்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அதே தெருவில் விதைக்கவும், நாட்டு மருந்து அரைக்கவும், தாலாட்டும் ஒப்பாரியும் பாடவும் தெரிந்த, எழுதத் தெரியாத பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் எழுத்தைத் தரட்டும், மற்றவர் தம் அறிவைத் தரட்டும். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர். எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் தங்களுக்குள் கூடிக்கொண்டால் பிரிட்டனின் குறையே இங்கும் வந்து சேரும்.

அரசு செய்ய வேண்டியது சிறிது. கிளை நூலகத்திலோ, பள்ளி விட்ட பிறகு தரைத்தள வகுப்பறையிலோ வாரம் இரண்டு மாலை இடம் கொடுக்க வேண்டும். முதுகு சாயும் நாற்காலி, நல்ல வெளிச்சம், காது மந்தமானவர்களுக்கும் கேட்கும்படி ஒரு ஒலிபெருக்கி, படியேறாமல் போகக்கூடிய கழிவறை ஆகியவை இருந்தால் போதும். மீதியை முதியவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அறுபதைத் தாண்டியவர் என்றால் உத்தரவுக்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் தெருவில் ஐந்து பேரைக் கூட்டி, ஒவ்வொருவருக்கும் என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள ஆசை என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளே உங்கள் பாடத்திட்டம்.