அட்வான்ஸ் யாரோட பணம்?

சென்னையில நான் குடியிருந்த வீட்டைக் காலி பண்ணப் போறேன்னு நாட்றம்பள்ளியில இருக்கிற மாமாகிட்ட போன்ல சொன்னேன். "அட்வான்ஸ் எவ்வளவு குடுத்திருக்க?"ன்னு கேட்டார். பத்து மாச வாடகைன்னேன். "அப்ப இந்த மாசத்துல இருந்து வாடகை குடுக்காதடா. அட்வான்ஸ்ல கழிச்சுக்கச் சொல்லு. சாவியைக் குடுத்துட்டு அப்புறம் அவர் பின்னாடி அலையாத"ன்னார்.

எனக்கு அது ஏமாத்து வேலையாத் தெரிஞ்சுது. கடைசி மாசம் வரைக்கும் ஒழுங்கா வாடகை கட்டினேன், சாவியைக் குடுத்தேன். பெயிண்டிங், கிளீனிங்னு சொல்லி ரெண்டு மாச வாடகையைப் பிடிச்சுக்கிட்டாங்க. மீதியை, "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்"னாங்க. அடுத்த ஆள் வர நாலு மாசம் ஆச்சு.

மாமா சொன்ன அந்த "கழிச்சுக்கோங்க" வெறும் தந்திரம் இல்லை, அதுக்குப் பின்னாடி ஒரு சட்ட வரலாறு இருக்குன்னு அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

வாடகைக் கட்டுப்பாடு போர்க்காலத்துல பிறந்த விஷயம். முதல் உலகப் போர் சமயத்துல கிளாஸ்கோ நகரத்துக்குக் கப்பல், ஆயுத வேலைகளுக்காக ஆட்கள் குவிஞ்சாங்க. வீட்டுக்காரங்க வாடகையை ஏத்தினாங்க. மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னால நின்னு, ஏத்தின வாடகையைத் தர மாட்டோம்னு போராடினாங்க. 1915லயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது. 1918ல பம்பாய்க்கு அந்த மாதிரி சட்டம் வந்தது. நம்ம மெட்ராஸுக்கு வந்தது ரெண்டாம் உலகப் போர்ல, 1941ல, ஒரு அவசரகால உத்தரவா. போர் முடிஞ்சும் வீட்டுத் தட்டுப்பாடு முடியல. அதனால 1946லயும் 1949லயும் சட்டங்கள் வந்து, கடைசியா 1960ல ஒரு முழுமையான வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது.

இதுல அட்வான்ஸ் எங்க வருது? வாடகைக்கு ஒரு வரம்பு போட்டீங்கன்னா, வாசல்ல நிறுத்தின பணம் கொல்லைப்புறமா உள்ள வரும். வாடகை அம்பதுதான், ஆனா உள்ள வர ஆயிரம் குடுன்னு கேட்பாங்க. கடைத்தெருவுல இதுக்குப் பகடின்னு பேர். இந்த வழியை அடைக்கத்தான் 1960 சட்டத்துல 7வது பிரிவு இருந்தது. அட்வான்ஸா ஒரு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. ஆமா, ஒரே ஒரு மாசம். மீறி வாங்கினா அதைத் திருப்பித் தரணும், இல்லைன்னா வாடகையில கழிக்கணும். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ற உரிமை பணம் குடுத்தவருக்கு.

மாமா சொன்னது கிட்டத்தட்ட இதுதான்.

நீதிமன்றத்துல இது நின்னுச்சா? பழைய மெட்ராஸ் மாகாணத்துல இருந்து பிரிஞ்சுபோன ஆந்திராவோட சட்டத்துலயும் இதே மாதிரி 7வது பிரிவு இருந்தது. நெல்லூர் பக்கத்துல கூடூர்ல 'மாடர்ன் ஹோட்டல்'னு ஒரு ஹோட்டல், வாடகைக் கட்டடத்துல நடந்தது. வாடகை பாக்கி, காலி பண்ணுன்னு கட்டட உரிமையாளர் வழக்கு போட்டார். வழக்கு டெல்லி வரைக்கும் போச்சு. 1989ல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா: ஒரு மாச வாடகைக்கு மேல இருக்கிற அட்வான்ஸ் குடியிருப்பவரோட பணம், அது உங்க கையில இருக்கும்போது அவர் பாக்கி வெச்சிருக்கார்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்? 1996ல நம்ம தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழ வந்த ஒரு வழக்குலயும் உச்ச நீதிமன்றம் இதே வழியில போச்சு.

அப்ப ஏன் நம்ம எல்லாரும் பத்து மாசம் குடுத்தோம்?

முதல் காரணம், வீடு தேடி வாசல்ல நிக்கிறவன் சட்டம் பேச முடியாது. பேசினா வீடு கிடைக்காது. ரெண்டாவது காரணம் எங்க ஊரைப் பார்த்தாலே புரியும். அந்தச் சட்டம் நகராட்சிகளுக்கு நேரடியாப் பொருந்தும். மத்த ஊர்களுக்கு வேணும்னா அரசு தனியா அறிவிக்கணும். தோல் தொழில் நடக்கிற வாணியம்பாடியும் ஆம்பூரும் நகராட்சி. நெடுஞ்சாலை மேல இருக்கிற எங்க நாட்றம்பள்ளி பேரூராட்சி. ஷூ கம்பெனி வேலைக்குப் போற ஒரு குடும்பம், பஸ்ஸுல அரை மணி நேரத்துல, சட்டம் இருக்கிற ஊர்ல இருந்து அது தானா எட்டாத ஊருக்கு வந்துடும். ரெண்டு ஊர்லயும் அட்வான்ஸ் கேட்கிற விதம் என்னவோ ஒண்ணுதான்.

மூணாவது காரணம்தான் எனக்கு முக்கியமாப் படுது. சட்டம் எவ்வளவு வாங்கலாம்னு சொன்னது, எப்பத் திருப்பணும்னு சொன்னது. ஆனா பணம் யார் கையில இருக்கணும்ங்கிறதை அது தொடவே இல்லை. வீட்டுக்காரருக்கு அட்வான்ஸ் வட்டியில்லாக் கடன் மாதிரி. மகள் கல்யாணத்துக்கோ மாடி கட்டவோ செலவாகியிருக்கும். அவர் கெட்டவரா இருக்கணும்னு அவசியமே இல்லை. கையில காசு இல்லை, அடுத்தவன் குடுத்தாத்தான் உங்களுக்குத் தர முடியும். "அடுத்த ஆள் வரட்டும்"ங்கிற வார்த்தைக்கு அர்த்தம் இதுதான்.

சில ஊர்கள் அந்த மூணாவது விஷயத்தைத் தொட்டாங்க. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1977லயே அட்வான்ஸை வெச்சிருக்க ஒரு அரசு வாரியம் அமைச்சது. இங்கிலாந்துல 2007 ஏப்ரல்ல இருந்து, அரசு அங்கீகரிச்ச ஒரு திட்டத்துல டெபாசிட்டைப் பாதுகாக்கணும். செய்யாத வீட்டுக்காரர், டெபாசிட்டைப் போல மூணு மடங்கு வரைக்கும் தண்டம் கட்ட வேண்டியிருக்கும்.

நம்மகிட்ட 1960 சட்டம் 2019 பிப்ரவரி 22ல முடிவுக்கு வந்து, 2017ல இயற்றின புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. இப்ப அட்வான்ஸுக்குப் பொது வரம்பு மூணு மாச வாடகை. காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பாக்கியைக் கழிச்சுக்கிட்டு, மீதியைத் தரணும். ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு பண்ணணும். இன்னொண்ணு: ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, சுவருக்கு வெள்ளையடிக்கிறதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறதும் வீட்டுக்காரர் பொறுப்புன்னு சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு. இதைப் படிச்ச அன்னைக்கு என்னோட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பெயிண்டிங் பத்தி அதுல ஒரு வரிகூட இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். மாமா வழியை அப்படியே பிடிச்சுக்காதீங்க. ரெண்டு மாச வாடகை பாக்கி விழுந்து, நோட்டீஸுக்கு அப்புறமும் கட்டலைன்னா, அது வெளியேத்தக் காரணமாகலாம். கழிச்சுக்கலாம்னு வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா, வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிக்கோங்க. குடி போற அன்னைக்கே சுவர், குழாய், சுவிட்ச் எல்லாத்தையும் போட்டோ எடுத்து அவருக்கும் அனுப்பிடுங்க.

பணம் இன்னும் அவர் கணக்குலதான் இருக்கு. அந்த ஒரு விஷயம் 1941ல இருந்து மாறல. புது வீட்டுக்கு நான் மூணு மாசம்தான் தருவேன்னு கேட்டேன். மூணு பேர் முடியாதுன்னாங்க. நாலாவது வீட்டம்மா சரின்னாங்க. மாமாகிட்ட சொன்னேன். "ஒப்பந்தத்துல பெயிண்டிங் பத்தி எழுதினியா?"ன்னு கேட்டார்.

எழுதியிருக்கேன்.