சிங்கப்பூரின் தூய மின்சாரம்: கூரையும் கடலடி வடமும்

இன்றைய லிட்டில் இந்தியாவை ஒட்டியுள்ள மெக்கன்சி சாலையில் ஒரு காலத்தில் டிராம் நிறுவனத்தின் மின்நிலையம் இயங்கியது. 1906-இல் சிங்கப்பூரின் முதல் மின் தெருவிளக்குகள் எரிந்தபோது நகராட்சி அந்நிறுவனத்திடமிருந்தே மின்சாரத்தை விலைக்கு வாங்கியது. நகராட்சியின் செயின்ட் ஜேம்ஸ் நிலக்கரி மின்நிலையம் திறக்கப்பட்டது 1927-இல்தான். அதன் பிறகு, தேவையான மின்சாரத்தைத் தீவுக்குள்ளேயே உற்பத்தி செய்வது அசைக்க முடியாத வழக்கமாகிவிட்டது. இனி அவ்வழக்கம் செல்லாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சிங்கப்பூர் கரிம உமிழ்வைக் குறைக்க வேண்டுமானால் மின்சாரத்தை அண்டை நாடுகளிடம் வாங்கியாக வேண்டும். ஆகவே அதன் முன்னேற்றத்தை அளக்க, எத்தகைய ஒப்பந்தங்களின் பேரில் வாங்குகிறது என்றே பார்க்க வேண்டும்.

ஐக்கிய நாடுகளின் பருவநிலை உடன்படிக்கைப்படி சிங்கப்பூர் இன்றும் வளரும் நாடுகளின் வரிசையில்தான் இருக்கிறது. வருமானத்தில் அது செல்வந்த நாடு. ஆனால் மின்சாரத்தைப் பொறுத்தவரை வளம் குன்றிய நாடு. மின்சாரம் எடுக்கத்தக்க பெரிய ஆறு இல்லை, காற்று வலுவில்லை, இடம் இல்லை. 2000-ஆம் ஆண்டளவில் பெரும்பகுதி மின்சாரம் எரியெண்ணெயிலிருந்து கிடைத்தது. மலேசியாவிலிருந்து 1992 முதலே குழாய்வழி எரிவாயு வந்துகொண்டிருந்தது. 2001-இல் இந்தோனேசியாவின் மேற்கு நாட்டூனா எரிவாயுவும், 2003-இல் தெற்குச் சுமத்ராவினுடையதும் சேர்ந்தன. 2013-இல் ஜூரோங் தீவில் திரவ எரிவாயு முனையம் செயல்படத் தொடங்கியது. இன்று மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியாகும் கரியமில வாயு சுமார் 0.4 கிலோவாகக் குறைந்தது. இது உண்மையான சாதனை. ஆனால் எளிதில் கிடைத்த அந்த ஆதாயம் அதோடு தீர்ந்துவிட்டது. 2021-இல் உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியபோது சில்லறை மின்விற்பனை நிறுவனங்கள் சில தொழிலையே கைவிட்டன. எரிபொருள் முழுவதையும் வெளியிலிருந்து வாங்கும் நாடு, மின்சாரத்தை வாங்கினால் தற்சார்பு போய்விடும் என்று அஞ்சுவதில் பொருளில்லை.

கூரைகளில் பரப்பும் சூரியத் தகடுகள் போதாதா என்ற கேள்வி எழும். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் நின்று பார்த்தால் விடை தெரியும். 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்குக் குறுகலான, சரிந்த ஓட்டுக்கூரைகள்தான் இருக்கின்றன. தகடு பரப்ப ஏற்றவை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் தட்டையான மொட்டைமாடிகள். அங்கு கிடைக்கும் மின்சாரம் பகலில் மின்தூக்கிக்கும் நீரேற்றும் பம்புக்கும் பயன்பட்டு, மிச்சம் மின்கட்டமைப்புக்குப் போகிறது. 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தின்மீதே 60 மெகாவாட் உச்சத்திறனுக்குத் தகடுகள் மிதக்கவிடப்பட்டன. இத்தனை முனைப்புக்குப் பிறகும் இடம் என்னும் தடை நீங்கவில்லை. தமிழ்நாட்டின் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சுமார் 2,500 ஏக்கரில், அதாவது 10 சதுர கிலோமீட்டரில் பரந்துள்ளது. அது ஆண்டுக்கு 100 கோடி யூனிட் தரும் என்று கொள்வோம். சிங்கப்பூரின் ஆண்டுத் தேவையோ சுமார் 5,500 கோடி யூனிட். தோராயமாகக் கணக்கிட்டால் 55 கமுதிகள் வேண்டும். தீவின் முக்கால் பரப்பு அதற்கே போய்விடும். சேமிப்பும் அவ்வாறே. ஜூரோங் தீவில் 2023-இல் திறக்கப்பட்ட 285 மெகாவாட்-மணி மின்கலம், மேகம் மறைக்கும்போது ஏற்படும் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய உதவும். நாட்டின் முழு உச்சத் தேவையையும் அதன் தலையில் ஏற்றினால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

எஞ்சியிருப்பது கடலடி வடம்தான். 2022 ஜூனில் லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் வரை வரத் தொடங்கியது. 2035-க்குள் 4 கிகாவாட் இறக்குமதி என்ற இலக்கை அரசு 2024-இல் 6 கிகாவாட்டாக உயர்த்தியது. அது 2035-இல் எதிர்பார்க்கப்படும் தேவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம், ஆஸ்திரேலியாத் திட்டங்களுக்கு நிபந்தனை அனுமதிகளும் வழங்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து மின்சாரம் பெறுவதில் தமிழ்நாட்டுக்குப் பெரும் சாதகம் உண்டு. அங்கே காற்றாலைகள் ஓய்ந்தால், 2013 இறுதியிலிருந்து தென்னகத்தோடு இணைந்துள்ள இந்தியக் கட்டமைப்பு கைகொடுக்கும். சிங்கப்பூருக்கு அத்தகைய தேசியப் பின்புலம் கிடையாது. அண்டை நாடுகளின் முடிவையே அது நம்ப வேண்டியுள்ளது: 2021-இல் மலேசியா புதுப்பிக்கத்தக்க மின்சார ஏற்றுமதிக்குத் தடை விதித்து, 2023-இல்தான் நீக்கியது.

அத்தடையை வெறும் அரசியல் முரண்டு என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. தன் மக்களுக்குத் தூய மின்சாரம் போதாதபோது ஒரு நாடு அதை ஏன் விற்க வேண்டும்? மின்சாரத்தோடு தகட்டுத் தொழிற்சாலைகளும் தன் மண்ணில் வளர வேண்டும் என்று இந்தோனேசியா கேட்பதும் நியாயமே. லாவோஸ் அமைந்துள்ள மீக்கோங் படுகையில் எழும் அணைகளால் மீன்பிடித்து வாழ்வோர் படும் இழப்பு சிங்கப்பூரின் கரிமக் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை. சிங்கப்பூரின் மின்சாரத்தில் வீடுகள் பயன்படுத்துவது ஏறக்குறைய 15 விழுக்காடுதான். பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்கும் வணிகத்துக்கும் போகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யும் கடமையும் அவற்றுக்கே முதலில் உண்டு.

2024 முதல் டன்னுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளியாக இருந்த கரிம வரி 2026-இல் 45 வெள்ளி. இவ்வருவாயில் ஒரு பகுதியை மின்சாரம் உற்பத்தியாகும் ஊர்களின் மின்வசதிக்கு ஒதுக்க வேண்டும். நீண்டகால ஒப்பந்தங்களின் சமூக, சுற்றுச்சூழல் நிபந்தனைகளை எரிசக்திச் சந்தை ஆணையம் பொதுவில் வெளியிட வேண்டும். 6 கிகாவாட்டுக்கான உரிமங்கள் இறுதியாவதற்கு முன்பே இவ்விரண்டையும் செய்தாக வேண்டும்.