பாட்டில்லாத குற்றம்

தமிழ்ப் படத்தில் பாட்டில்லாவிட்டால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்று நம் ஊரில் ஒரு சித்தாந்தம் உண்டு. இதற்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றப்படுவது 1954-ஆம் வருஷம் வெளிவந்த ஏவி.எம்.மின் ‘அந்த நாள்’. ‘ரஷோமான்’ என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்த உற்சாகத்தில் வீணை வித்வான் எஸ். பாலசந்தர் டைரக்ட் செய்தது. பாட்டு, நடனம், சண்டை மூன்றும் கிடையாது. விமரிசகர்கள் புகழ்ந்தார்கள், தேசிய விருதுகளில் நற்சான்றிதழும் கிடைத்தது, வசூல் மட்டும் கிடைக்கவில்லை. பாட்டை விட்டதால் கெட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் நெடுநாளாகச் சந்தேகம். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்ததல்லவா? அதையொட்டித்தான் கதை. ரேடியோ என்ஜினீயர் ராஜன் சுடப்பட்டுக் கிடக்கிறான். விசாரித்துப் பார்த்தால், அவன் எதிரிக்குத் தேசத்தை விற்றவன். மனைவியின் கையாலேயே செத்தவன். அந்த ராஜனாக நடித்தவர் யார்? இரண்டு வருஷத்துக்கு முன் ‘பராசக்தி’யில் நாட்டையே உலுக்கிய சிவாஜி கணேசன்! அவரை நம்பி டிக்கெட் வாங்கியவன் யாரைப் பிடித்துக்கொண்டு அழுவான்? மனைவி உஷா நல்லவள்தான். ஆனால் அவளையும் கடைசி வரைக்கும் சந்தேகப் பட்டியலிலேயே உட்கார வைத்துவிட்டார் பாலசந்தர்.

இந்த ஜாதிப் படங்களுக்குப் பிரெஞ்சு விமரிசகர்கள் ‘நுவார்’, அதாவது கறுப்பு, என்று பெயர் சூட்டினார்கள். நம் காலத்தில் அதன் வாரிசு தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’. வடசென்னை ரவுடிகளின் ஒரே நாள் கதை, இதிலும் பாட்டில்லை. 2010-இல் நியூயார்க் விழாவில் பரிசு பெற்றது. இங்கே தணிக்கைக்காரர்கள் 52 வெட்டு கேட்டார்கள். வழக்காடி மீண்டு 2011 ஜூனில் திரைக்கு வந்தது. இரண்டு தேசிய விருதுகளும் வாங்கியது. தாம்பரத்துக் கொட்டகை ஒன்றில் நான் பார்த்தபோது இருபது பேர் இருந்தால் அதிகம். இடைவேளையில் முறுக்கு வாங்க நின்ற ஒரு பெரியவர், “இதுல யார் ஸார் நல்லவன்?” என்று என்னைக் கேட்டார். பாட்டு எப்போது வரும் என்று அவர் கேட்கவில்லை!

சசிகுமாரின் ‘சுப்பிரமணியபுரம்’ (2008) மட்டும் என்ன, வெளிச்சமான கதையா? 1980-இன் மதுரை. வேலையற்ற வாலிபர்கள் ஒரு அரசியல் குடும்பத்துக்காகக் கொலை செய்து, அந்தக் குடும்பத்தாலேயே கைவிடப்படுகிறார்கள். காதலியே காட்டிக் கொடுக்கிறாள். விமரிசகர், ஜனங்கள் இரு சாராரும் கொண்டாடினார்கள். ‘கேங்ஸ் ஆஃப் வாசேப்பூர்’ எடுத்த அனுராக் காஷ்யப், பாலா, அமீருடன் சசிகுமாருக்கும் படத்திலேயே நன்றி சொன்னார். அத்தனை ரத்தத்துக்கு நடுவிலும் பிடித்துக்கொள்ள ஒரு சிநேகிதம் இருந்தது. அதில் பாட்டும் இருந்ததே என்பீர்கள். இருந்தது; நன்றாகவும் இருந்தது.

ஆனால் 2019 தீபாவளிக்கு லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ வந்தது. புதுப் பாட்டு ஒன்றுகூடக் கிடையாது, கதாநாயகியும் கிடையாது. ஒரே ராத்திரி, ஒரு லாரி, பார்த்தேயிராத மகளைப் பார்க்கப் புறப்பட்ட ஒரு தகப்பன். குரோம்பேட்டையில் எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை.